பதினேழாம் படுக்கையின் செல்போன்

பதினொன்றுக்குப் பதினெட்டு நிமிடம் இருக்கும்போது நாச்சிமுத்து மூன்றாவது முறையாக ஊக்கை விரித்தார். மேசைமேல் இருந்த வைஃபை பெட்டியின் பின்புறம், மின்கம்பி செருகும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு கடுகு நுழையும் அளவுக்கு ஒரு துளை. அதற்குள் ஊக்கின் முனையை விட்டுப் பத்து விநாடி அழுத்தினால் போதும், பெட்டி தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் மறந்துவிடும். பத்து விநாடி என்பது ஒன்றுமில்லை. செருப்பை மாட்டுகிற நேரம். அறையில் ஏ.சி. பதினெட்டில் ஓடிக்கொண்டிருந்தது, மனிதர்களுக்காக அல்ல, இயந்திரங்களுக்காக. அந்தக் குளிரில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்ததில் அவருடைய இடது முழங்காலில் ஒரு வலி குடிவந்துவிட்டிருந்தது, மழைக்காலத்தில் படியேறினால் சொல்லிக்காட்டும், இப்போதும் சொல்லிக்காட்டியது, மழையும் இல்லை, படியும் ஏறவில்லை. ஈரோட்டில் இருநூறு படுக்கை கொண்ட ஒரு ஆஸ்பத்திரியில் நெட்வொர்க் பார்ப்பவர் என்றால் ஊரில் யாருக்கும் புரிவதில்லை. வீட்டில் கோமதி, யாராவது கேட்டால், ‘ஆஸ்பத்திரில கம்ப்யூட்டர் பாக்கறாருங்க’ என்பாள். கம்ப்யூட்டரை அவர் பார்க்கிறாரா, அது அவரைப் பார்க்கிறதா. திரையில் இன்று காலை வந்துபோனவர்களின் பட்டியல் இருந்தது. நான்காம் படுக்கை 9.12. முப்பத்தொன்றாம் படுக்கை 9.40. இருபத்திரண்டு, 10.05க்கு வந்து 10.09க்குப் போயிருந்தது. நான்கு நிமிடம். மருந்துக்கடை வரிசையில் நிற்கிற நேரமாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் அவர் ஆறு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார், ஏனென்றால் நான்கும் முப்பத்தொன்றும் இருபத்திரண்டும் இரண்டாயிரத்து இருபத்தொன்று மே மாதத்தில் இறந்துபோனவர்கள்.

எல்லாம் சோம்பேறித்தனத்தில் வந்த வினை. ஆஸ்பத்திரியில் சிறுநீரகப் பரிசோதனை செய்துகொண்டவர்களுக்கு, முடிவு கைக்கு வருவதற்கு முன்பே சூரணம் விற்கிறவன் ஒருவன் போன் செய்கிறான், ‘உங்களுக்குக் கிரியேட்டினின் நாலு புள்ளி ரெண்டாமே’ என்று எண்ணைச் சொல்லிக் கேட்கிறான். இரண்டு பேர் வந்து கத்திவிட்டுப் போனார்கள். நிர்வாக அதிகாரி தாமோதரன் அன்றே அவரைக் கூப்பிட்டு, யாரோ நம் வைஃபைக்குள் புகுந்து திருடுகிறார்கள், ஒரு பொறி வை என்றார். பொய்யாக ஒரு வைஃபை. கடவுச்சொல் கிடையாது. உள்ளே வருகிறவர்களுக்கு எங்கும் போக வழி கிடையாது. வந்தார்கள் என்பது மட்டும் பதிவாகும். திருடன் திறந்த கதவு வழியாக வரமாட்டான் சார், சாவி வைத்திருப்பவன்தான் திருடுவான் என்று அவர் சொல்லிப் பார்த்தார். ‘நாச்சிமுத்து, நீ வெச்சுட்டு அப்பறம் தத்துவம் பேசு’ என்றார் தாமோதரன். புதிதாக வாங்கக் கடிதம் எழுத வேண்டும், கையெழுத்து வாங்க வேண்டும், அதற்குள் மாதம் ஓடிவிடும் என்று நினைத்து, அலமாரியின் கீழ்த்தட்டில் பழைய துணி சுற்றிக் கிடந்த பெட்டியை எடுத்து மாட்டி, கீழே மருந்துக்கடைப் பக்கமும் மூன்றாம் மாடியிலும் இருந்த இரண்டு வைஃபை டப்பாக்களோடு இணைத்தார். கொரோனா சமயத்தில் மூன்றாம் மாடி வார்டுக்கென்று தனியாக வைத்த பெட்டி. வார்டுக்குள் சொந்தக்காரர்கள் போக முடியாது என்பதால் நோயாளிகள் வீட்டோடு வீடியோவில் பேசுவதற்காக வைத்தது. தலைமை நர்ஸ் செலின்தான் அதற்கு நலம் என்று பெயர் வைத்தார். போனில் நலம் என்று வந்தால் தொடுங்க, அவ்வளவுதான், பாஸ்வேர்டெல்லாம் கிடையாது. பழைய ஊழியர்களின் போன்களுக்கு அந்தப் பெயர் ஞாபகம் இருக்கும், பெயரைப் பார்த்ததும் தானாக வந்து ஒட்டும், பொறிக்கு இரை நன்றாக இருக்கும் என்று அவர் கணக்குப் போட்டார். போன்களுக்கு ஞாபகம் இருக்கும் என்பதுவரை சரி. யாருடைய போன்களுக்கு என்பதை யோசிக்கவில்லை. பெட்டியை அழிக்காமல் மாட்டினார். அப்போது ஒவ்வொரு போனுக்கும் அவரே உட்கார்ந்து படுக்கை எண்ணைப் பெயராக அடித்து வைத்திருந்தார், யாருக்கு இணைப்பு இல்லை என்று நர்ஸுகள் கூப்பிட்டால் கண்டுபிடிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று. இறந்தவர்களின் போன்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, சட்டை, மோதிரம், கண்ணாடியோடு வீட்டுக்காரர்களிடம் கொடுத்தார்கள். அந்தப் போன்கள் இப்போது யார் யார் சட்டைப்பையிலோ, மகன், மருமகள், பேரன், இந்தத் தெருவில் போகிறார்கள், மருந்து வாங்குகிறார்கள், சர்க்கரை பார்க்க வருகிறார்கள், அவர்களுக்குத் தெரியாமலே அவர்களின் பையிலிருந்து நான்காம் படுக்கை எழுந்து வந்து நலத்தைத் தொட்டுவிட்டுப் போகிறது.

இதில் பயப்பட எதுவும் இல்லை. முதல் நாள் பட்டியலில் B-31 என்று பார்த்தபோது மட்டும் கழுத்துக்குப் பின்னால் ஜில்லென்றது, அதுவும் ஏ.சி.யாக இருக்கலாம். காரணம் தெரிந்த பிறகு பயம் போய்விட வேண்டும். போகவில்லை. பதினேழு ஒன்றுதான் காரணம். மற்றதெல்லாம் வரும், போகும், ஒரு நாள் வரும், மறுநாள் வராது. பதினேழு மட்டும் ஆறு நாளும் வந்தது, பதினொன்று நான்கிலிருந்து பதினொன்று ஆறுக்குள் வரும், பதினொன்று நாற்பதுவரை இருக்கும். மூன்றாம் மாடித் தாழ்வாரத்தின் கடைசியில் உள்ள வைஃபை டப்பாவில். அந்த நேரத்தை அவருக்குத் தெரியும். அந்த நேரத்தை அவரைத் தவிர யாருக்கும் தெரியாது என்றுதான் நான்கு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. ஸ்பிரிட் வாசனையும் காப்பி வாசனையும் ஒன்றாக வந்தன. செலின் சிஸ்டர். ‘என்ன நாச்சி சார், ஊக்கும் கையுமா? பட்டன் அறுந்துருச்சா? வூட்டுல அக்கா தெச்சுக் குடுக்க மாட்டீங்கறாங்களா?’ என்றார். அவர் ஊக்கை மடக்கினார். ஒண்ணும் இல்லீங்க சிஸ்டர். ‘ஏஓ தாமோதரன் சார் மூஞ்சியப் பாத்தீங்களா, கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்காரு. பன்னெண்டு மணிக்குப் போலீஸ் வருதாம், சைபர் ஆளு. திருடனைப் புடிச்சாச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியறாரு. புடிச்சீங்களா?’ பட்டியல் இருக்குதுங்க சிஸ்டர் என்றார். ‘யாரு?’ இன்னும் பாக்கலீங்க. அந்தப் பொய் நாக்கில் எவ்வளவு வழுக்கிக்கொண்டு வந்தது. ‘எங்க பிள்ளைங்க யாரும் அதுல இருந்தா முன்னாடியே சொல்லிப்போடுங்க சார், நானே காதைத் திருகிக் கூட்டியாந்துர்றேன்’ என்று சொல்லிவிட்டு, குளிருக்குக் கையைத் தேய்த்துக்கொண்டே போனார். நல்ல பெண்மணி. கொரோனாவில் ஒரு நாளும் இப்படித்தான் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார், நீல உடுப்பு முழுக்க மாட்டியபடி, கண்ணாடிக்குள் வேர்த்துக்கொண்டு, வாசலிலேயே நின்று: சார், பதினேழு நேத்து நெட்டு இல்லை நெட்டு இல்லைன்னு சாடை காட்டிட்டே இருந்தாரு, அப்பறம் டியூப் போட்டுட்டோம். குறையாகச் சொல்லவில்லை. அந்த மாதத்தில் யாருக்கும் குறை சொல்ல நேரமில்லை. வானிலை சொல்வதுபோல் சொன்னார். அவர் நிமிராமல் பதில் சொன்னார்: லைன்ல ஏதோ பிரச்சனைங்க சிஸ்டர்.

லைனில் ஏதோ பிரச்சனை. நான்கு சொல்லைக்கூடத் தாண்டாத ஒரு வாக்கியம். அதைச் சொன்ன வாய் அதற்குப் பிறகு எத்தனையோ சொல்லியிருக்கிறது, மகளுக்குப் பெயர் போட்ட பேனா வாங்கித் தருவதாக, அப்பாவின் கண் ஆபரேஷனுக்கு லீவு எடுப்பதாக, எல்லாம் மறந்துபோயிற்று. இது மட்டும் பல்லிடுக்கில் சிக்கிய பாக்குத்தூள் மாதிரி இருக்கிறது, நாக்கு தானாக அங்கேயே போகிறது. லைனில் பிரச்சனை எதுவும் இல்லை. முந்தின நாள் ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளருக்குக் கலெக்டரோடு வீடியோ கூட்டம், படம் உறைந்து உறைந்து நின்றது, கலெக்டரின் வாய் திறந்தபடி அப்படியே நிற்கும், எல்லோரும் திரும்பி நாச்சிமுத்துவைப் பார்த்தார்கள். எதையாவது நிறுத்தினால்தான் இது ஓடும். நோயாளிகளின் இணைப்பைத் தவிர நிறுத்த வேறு எதுவும் இல்லை. பதினொன்று ஐந்துக்கு நலத்துக்கு ஒரு தடை போட்டார். போனில் வைஃபை குறி இருக்கும், நலம் என்று காட்டும், ஆனால் எதுவும் வெளியே போகாது. அந்தத் தடைக்கு ஒரு பெயர் கொடுக்கச் சொல்லிப் பெட்டி கேட்டது. தற்காலிகம் என்று அடித்தார். கலெக்டரின் வாய் அசைந்தது. கண்காணிப்பாளர் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கூட்டம் பதினொன்று இருபதுக்கு முடிந்தது. அதற்குப் பிறகு பிளாஸ்கில் இஞ்சி டீ வந்தது. டீ குடித்தார். அட்டெண்டர் முருகையன் பவானியில் ஆற்றோரம் பிணம் எரிக்க இடமில்லாத கதையைச் சொன்னார், கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஞாபகம் வந்தது. பதினொன்று நாற்பத்துமூன்று. பதினைந்து நிமிடம் உத்தரவுக்கு. இருபத்துமூன்று நிமிடம் டீக்கு.

இன்டர்காம் அலறியது. ‘என்னய்யா, லிஸ்ட் ரெடியா?’ தாமோதரன். ரெடிங்க சார், ஒரு தடவ சரிபார்த்துட்டு. ‘சரிபார்க்கறதுக்கு என்ன இருக்கு? வந்தவன் எல்லாம் உள்ள வரக்கூடாதவன். அதானே பொறி? கான்ட்ராக்ட் ஆளா இருந்தா இன்னைக்கே வெளிய, நம்ம ஸ்டாஃபா இருந்தா சஸ்பெண்ட். அப்பறம் அந்தப் பெட்டியையும் கொண்டாந்துரு. இன்ஸ்பெக்டர் அதைத் தோண்டிப் பார்ப்பாராம், பழசு புதுசு எல்லாம்.’ வைத்துவிட்டார். பழசு புதுசு எல்லாம். தோண்டினால் என்ன வரும் என்று நாச்சிமுத்துவுக்குத் தெரியும். 2021 மே 19, 11.05, தடை: தற்காலிகம், போட்டவர்: நாச்சிமுத்து. 11.43, தடை நீக்கம், நீக்கியவர்: நாச்சிமுத்து. பெட்டிக்குக் காரணம் தெரியாது. கலெக்டரைத் தெரியாது, டீயைத் தெரியாது. அந்தக் கண்காணிப்பாளர் ஓய்வுபெற்றுப் பெங்களூரில் மகனோடு இருக்கிறார். போலீஸ்காரர் ஒருவர் அந்த இரண்டு வரியைப் படித்துவிட்டுத் தலை நிமிர்ந்து கேட்பார், இதென்னங்க முப்பத்தெட்டு நிமிஷம்? மகள் அடுத்த வருடம் கல்லூரி. கோமதி யாரிடம் என்ன சொல்வாள், கம்ப்யூட்டர் பாத்துட்டிருந்தாருங்க. ஊக்கு தானாக விரிந்திருந்தது, எப்போது விரித்தார் என்று தெரியவில்லை. அழித்துவிட்டால் பதினேழு தப்பிக்கும். அந்தப் போனை வைத்திருப்பவர் யாரோ, ஒரு தப்பும் செய்யாதவர், ஆறு நாள் தொடர்ந்து வந்திருக்கிறார் என்றால் இங்கே வேலை செய்பவராகத்தான் இருக்க வேண்டும், மூன்றாம் மாடியில், பதினொன்று மணிக்கு. பதினொன்று மணிக்குச் சுத்தம் செய்யும் பெண்களுக்கு இடைவேளை. அவ்வளவுதான் விஷயம், பேயுமில்லை பிசாசுமில்லை, டீ நேரம். அவர்களில் ஒருத்திக்கு இன்று வேலை போகும். ஆகவே அழிப்பதுதான் நியாயம். ஆகவே என்ற சொல் எவ்வளவு அழகாக வந்து உட்கார்ந்தது. அவளுக்காக அழித்தால் இரண்டு வரியும் கூடவே அழியும். தனக்காக அழித்தால் அவளும் கூடவே பிழைப்பாள். துளை ஒன்றுதான். பத்து விநாடியும் அதே பத்து விநாடிதான். யாருக்காக அழுத்துகிறோம் என்று விரலுக்குத் தெரியுமா. முனை துளையைத் தொட்டது. மணி 11.04. திரையில் ஒரு வரி புதிதாக முளைத்தது. B-17, மூன்றாம் மாடி, இணைந்தது.

அழுத்தவில்லை. அழிக்கப்போகிற இரண்டு வரியையும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடலாம் என்று தோன்றியது, தூக்கிப்போடுகிற சட்டையின் பையைத் தடவிப் பார்ப்பது மாதிரி. பழைய பதிவைத் திறந்தார். மே 19ஐத் தேடினார். பக்கம் மெதுவாக வந்தது, பெட்டிக்கு வயதாகிவிட்டது. 11.05, தற்காலிகம், நாச்சிமுத்து. அது தெரிந்ததுதான். அடுத்த வரி 11.43 ஆக இருக்க வேண்டும். இல்லை. நடுவில் வேறு வரிகள் இருந்தன. தடை போட்டபின் யார் வெளியே போக முயன்றார்கள், எப்போது மறுக்கப்பட்டது என்று பெட்டி தன்பாட்டுக்கு எழுதிவைத்திருந்தது. அதை அவர் அன்று பார்க்கவில்லை, அதற்குப் பிறகும் பார்க்கவில்லை. நான்காம் படுக்கை இரண்டு முறை முயன்றிருந்தது. முப்பத்தொன்று ஒருமுறை. மற்றதெல்லாம் பதினேழு. 11.07 B-17 வீடியோ அழைப்பு, மறுப்பு. 11.08 B-17, மறுப்பு. 11.08 மறுபடியும். 11.11. 11.13. ஆக்சிஜன் முகமூடியோடு ஒரு ஆள், சாடை காட்டிக்கொண்டே, மறுபடி மறுபடி அந்தப் பச்சைப் பொத்தானை. அவர் விரல் வைத்து எண்ணினார். பதினாறு வரி. கடைசி 11.31. அதில் 11.20க்குப் பிறகு வந்தவை ஏழு. அந்த ஏழும் டீ நேரத்தில் வந்தவை. முருகையன் எந்த இடத்தில் கதை சொல்லிக்கொண்டிருந்தார், மூன்றாவது வாய் டீயா, நான்காவதா. 11.31க்குப் பிறகு தொண்டையில் குழாய் போட்டிருப்பார்கள். குழாய் போடப்பட்டவர்கள் பேசுவதில்லை. மூன்றாவது நாள் பிளாஸ்டிக் பை. அவர் ஊக்கை மடக்கி, சட்டைப்பையில் போட்டு, பிரிண்டருக்கு அனுப்பினார். இரண்டு பிரதி. ஏன் இரண்டு என்று கேட்டிருந்தால் அப்போது பதில் சொல்லியிருக்க மாட்டார்.

லிஃப்ட்டுக்கு நிற்காமல் படியேறினார். முழங்கால் ஒவ்வொரு படியிலும் சொல்லிக்காட்டியது, சொல்லட்டும். இரண்டாம் மாடியில் ஒரு பெரியவர், இரத்தம் எடுக்கிற இடம் எதுங்க என்றார், கீழே என்றார், இல்லை மேலே என்றார், பிறகுதான் சரியாகச் சொன்னார். மூன்றாம் மாடியின் கொரோனா வார்டு இப்போது உடற்பயிற்சிச் சிகிச்சைப் பிரிவு. கண்ணாடிக்கு அப்பால் ஒருவர் சுவரில் பதித்த சின்ன மர ஏணியில் விரலால் ஏறிக்கொண்டிருந்தார். பதினேழாம் படுக்கை இருந்த இடத்தில் ஒரு பெரிய சிவப்புப் பந்து. தாழ்வாரத்தின் கடைசியில் மொட்டைமாடிக்குப் போகும் படிக்கட்டு, மேலே கதவு பூட்டியிருக்கும், யாரும் போவதில்லை. மூன்றாவது படியில் ஒரு பெண் நீல ஏப்ரனோடு உட்கார்ந்து, டிபன் பாக்ஸ் மூடியில் பொட்டுக்கடலைச் சட்னியைத் தொட்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்துப் படியில் மூலை உடைந்த ஒரு பழைய செல்போன், சுவரில் சாய்த்து, எதிரில் உட்காரவைத்த மாதிரி. வசந்தாமணி. அவளை அவருக்குத் தெரியும், இரண்டு வருடமாகச் சர்வர் அறை வாசலைக் கூட்டுகிறாள், காலைத் தூக்குங்க சார் என்பாள், தூக்குவார். அதற்குமேல் தெரியாது.

அவள் பதறி எழுந்தாள். ‘சார், இடைவேளைங்க சார். சூப்ரவைசர்கிட்டச் சொல்லிட்டுத்தான் வந்தனுங்க.’ உட்காருங்க உட்காருங்க, சாப்பிடுங்க என்றார். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், இந்தப் போனு உங்களுதுங்களா என்று கேட்டார். ‘வூட்டுக்காரரதுங்க. எனக்குச் சின்னது ஒண்ணு இருக்குதுங்க, இது சும்மா சார்ஜ் போட்டு வெச்சிருக்கறனுங்க. சிம்மு கூட இல்லீங்க.’ பிறகு, அவர் எதற்கு வந்தார் என்பது புரியாமல், கேட்டுவிடலாம் என்று நினைத்தவள்போல், ‘சார், நீங்க இந்த நெட்டு பாக்கறவருதானுங்களே? ஒரு வாரமா இங்க மட்டும் இதுல அந்தக் குறி வருதுங்க. நலம்னு. மத்த எங்கயும் வர்றதில்லீங்க. அதான் இங்க வந்து சாப்படறனுங்க. ஆனா ஒண்ணும் போக மாட்டீங்குது. சுத்திக்கிட்டே இருக்குது. அன்னைக்கும் இப்படித்தானுங்க இருந்துருக்கும்’ என்றாள்.

என்னைக்குங்க என்று அவர் கேட்கவில்லை. அவளே சொன்னாள், இட்லியைப் பிய்த்தபடி, முகத்தைப் பார்க்காமல். கிட்டுசாமின்னு பேருங்க, தறி ஓட்டிட்டு இருந்தாரு. கல்யாணத்துக்குப் போகாதீங்கன்னு சொன்னேன், போய்ட்டு வந்து படுத்துக்கிட்டாரு. அன்னைக்குக் காலைல போன்ல வந்தாரு, நான் வாயை வெச்சுட்டுச் சும்மா இருக்காம, நீங்க போய் வாங்கிட்டு வந்ததுக்கு நாங்க எதுக்குச் சாகறதுன்னு கேட்டுப்போட்டேன். உடனே கட் ஆயிருச்சு. ‘அவருக்குக் கோவம் வந்தா அப்படித்தானுங்க, பேச்சு வார்த்தை இல்லாம எந்திரிச்சுப் போயிருவாரு. சரி, சாயங்காலம் தணிஞ்சுரும், கூப்பிடுவாருன்னு இருந்தேன். கூப்பிடவே இல்லீங்க.’ அவள் சிரித்தாள், அது சிரிப்புத்தானா என்று தெரியவில்லை. ‘பிளாஸ்டிக் பையில போட்டுக் குடுத்தாங்க. போனைத் தொறந்து பாத்தா கால் பண்ணுன விவரம் ஒண்ணும் இல்லீங்க. அதுக்கு முன்னாடியே பையன் வெளையாடி எல்லாத்தையும் அழிச்சுப்போட்டான். அன்னைக்கு இருந்து நான் நெனைக்கறது ஒண்ணுதானுங்க. என்ற பேச்சுக்குத்தான் அவரு கட் பண்ணுனாரு.’

சட்டைப்பையில் அவருடைய போன் அதிர்ந்தது. தாமோதரனாக இருக்கும். அதிர்ந்து அடங்கி, மறுபடி அதிர்ந்தது. சுவரில் சாய்ந்திருந்த போனில் நலம் என்று எழுதியிருந்தது, பக்கத்தில் வைஃபையின் விசிறிக் குறி, நடுவே ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. பொறிக்காக அவர் புதிதாகத் தடை எதுவும் எழுதவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. பழையதையே எடுத்து மறுபடி இயக்கியிருந்தார். தற்காலிகம். அதே தடை அதே போனை அதே மணிக்கு மறுத்துக்கொண்டிருந்தது. லைன்ல ஏதோ பிரச்சனைங்க என்று வாய் சொல்லத் தயாராக இருந்தது, அதற்கு அந்த வழி பழகியிருந்தது. அவர் படியில் உட்கார்ந்தார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு, அவளுக்கு ஒரு படி கீழே.

‘அவரு கட் பண்ணலீங்க’ என்றார். ‘நாந்தான் நிறுத்துனேன். ஒரு மீட்டிங்குக்காக. மீட்டிங் முடிஞ்சும் திறக்க மறந்துட்டேன்.’

அவள் கை இட்லியிலேயே நின்றது. அவர் மடித்த தாளை நீட்டினார். இது பெட்டியில் இருந்தது, இந்தப் போன் அன்றைக்கு வெளியே கூப்பிட்ட நேரம், ஒவ்வொரு வரியும் ஒரு தடவை என்றார். அவள் விரலைப் புடவையில் துடைத்தாள், இரண்டு தடவை துடைத்தாள், அப்புறம் வாங்கினாள். ஆங்கிலம் தெரியாது, எண் தெரியும். மேலிருந்து ஒவ்வொரு வரியாக விரல் இறங்கியது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நடுவில் ஒருமுறை விட்டுப்போயிற்று என்று மறுபடி மேலேயிருந்து ஆரம்பித்தாள். போன் மூன்றாவது முறையாக அதிர்ந்தபோது அவர் எடுத்தார். ‘என்னய்யா, இன்ஸ்பெக்டர் முன்னாடியே வந்துட்டாரு, எங்க இருக்க நீ?’ வர்றேங்க சார் என்றார். பெட்டியோட வர்றேன். அதை அழிக்கல. பட்டியல்ல இருக்கறவங்க யாரும் திருடங்க இல்லீங்க, ஏன்னு நேர்ல சொல்றேன். அதுல என் பேரும் இருக்குது. மறுமுனையில் என்னமோ கேட்டார்கள், அவர் அணைத்துவிட்டார். சட்டைப்பையில் இன்னொரு தாள் இருந்தது, அது எதற்கு என்று இப்போது தெரிந்தது.

அவள் கடைசி வரிக்கு வந்துவிட்டிருந்தாள். விரல் 11.31இல் நின்றது. தன்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார், அழுவாள் என்று எதிர்பார்த்தார், இரண்டுக்கும் முதுகை வளைத்து உட்கார்ந்திருந்தார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. சுவரில் சாய்ந்திருந்த போனைப் பார்த்தாள்.

‘பதினாறு தடவைங்களா’ என்றாள். பிறகு அந்தப் போனிடம், கொஞ்சம் கோபமாக, வீட்டுக்குள் பேசுகிற குரலில்: ‘பதினாறு தடவ கூப்பிட்டுருக்கற. மூச்சு வாங்குமுன்னு தெரியாதா உனக்கு?’